பஸ்ஸு ஒருத்தர் கையில, ரோடு ஒருத்தர் கையில: உங்க கேள்விகளுக்கு பதில்

போன வாரம் ரன்சாங்கான் தெம்பாத்தான் பத்தி, அதான் எந்த நிலத்துல வீடு வரும் எந்த நிலத்துல ரோடு வரும்னு நம்ம மலேசியாவுல கவுன்சில் போடுற உள்ளூர் திட்டம் பத்தி, நாலு வரி எழுதினேன். அதுக்கே இத்தனை கேள்வி. கவுன்சில் திட்டமிடல் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன்ங்கறதால தெரிஞ்சத சொல்றேன். ஒரே மாதிரி கேட்டத ஒண்ணா சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

ஆத்தோரத்து அக்கா: தம்பி, எங்க தோட்டத்துல இருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ்ஸு கிடையாது. கவுன்சில்ல கேட்டா அது எங்க வேலை இல்லங்கறாங்க. அப்ப யாரு வேலைதான் அது?

பதில்: அக்கா, அவங்க சொன்னது பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. பஸ்ஸு ஓட்ட லைசன்ஸ் குடுக்குறது, ரூட்ட பாஸ் பண்றது எல்லாம் மத்திய அரசாங்கம். 2010ல வந்த தரைப் பொதுப் போக்குவரத்து சட்டத்துக்கு கீழ ஸ்பாட்னு ஒரு ஆணையம் வச்சிருந்தாங்க, 2019ல இருந்து அத எடுத்துட்டு போக்குவரத்து அமைச்சுக்கு கீழ ஆப்பாட்னு ஆக்கிட்டாங்க. கவுன்சில் கையில இருக்குறது பஸ் ஸ்டாப்பு கூரை, தெரு விளக்கு, பார்க்கிங், டாமான்னு சொல்ற குடியிருப்புக்கு உள்ள ரோடு. பெரிய ரோடு ஃபெடரல் ரோடா இருந்தா ஜேகேஆர், அதான் பொதுப்பணித் துறை, அதுவும் மத்திய காசு. மாநில ரோடா இருந்தாலும் ஜேகேஆர்தான் பாக்கும், காசு மாநிலத்து வழியா வரும். ஆக நீங்க நிக்கிற கூரை கவுன்சிலுது, கூரைக்கு முன்னாடி இருக்குற தார் ஜேகேஆருது, அதுல வர்ற பஸ்ஸுக்கு அனுமதி மத்திய அரசாங்கம் இருக்குற புத்ராஜெயாவுல இருந்து. ரோட்டு ரிசர்வுல, அதான் ரோட்டுக்குன்னு ஒதுக்கின நிலத்துல, கூரை போடணும்னாக்கூட கவுன்சில் ஜேகேஆர் கிட்ட கேட்டுதான் போடணும். உங்க கடிதம் ஒரு மேசையில இருந்து இன்னொரு மேசைக்கு போயிட்டே இருக்கறதுக்கு காரணம் இதான்.

இனிமே எழுதும்போது கவுன்சிலுக்கு மட்டும் எழுதாதீங்க. ஆப்பாட்டுக்கு ஒண்ணு, மாவட்ட அதிகாரி ஆபீசுக்கு ஒரு நகல். மாவட்ட ஆபீஸ் கூட்டத்துலதான் ஜேகேஆர், கவுன்சில், நில ஆபீஸ் எல்லாரும் ஒரே மேசையில உக்காருவாங்க.

யூஎஸ்எம் பக்கத்துல வாடகை வீடு விட்டவரு: ரெண்டு கவுன்சில் சேர்ந்து திட்டம் போட சட்டத்துல இடம் இருக்கா இல்லையா? நிபோங் திபால்ல நின்னுக்கிட்டு மூணு மாநிலத்த பாக்கலாம், ஆனா மூணு பேரும் பேசிக்கிறதே இல்ல போல.

பதில்: இடம் இருக்குண்ணே, ஆனா எல்லாம் மேல இருந்து கீழ வர்ற மாதிரி. 1976 நகர கிராம திட்டமிடல் சட்டம், நம்பர் 172, அதுதான் தீபகற்பத்துக்கு அடிப்படை. உச்சியில பிரதமர் தலைமையில தேசிய மன்றம், அது நாடு முழுக்க ஒரு திட்டம் போடும். மாநிலத்துக்கு மந்திரி பெசார், பினாங்குல முதலமைச்சர் தலைமையில ஒரு திட்டக் குழு, அது மாநிலம் முழுக்க ஸ்ட்ரக்சர் பிளான்னு ஒண்ணு போடும். அதுக்கு கீழதான் நம்ம உள்ளூர் திட்டம். ஒரே மாநிலத்துல ரெண்டு கவுன்சில்னா ஸ்ட்ரக்சர் பிளான்தான் ரெண்டையும் ஒரு கோட்டுல கட்டி வைக்குது, இவங்க ரோடு எல்லையில முடிஞ்சா அவங்க ரோடு அங்க இருந்து ஆரம்பிக்கணும்னு.

மாநிலமே வேறன்னாதான் சிக்கல். அதுக்கு 2001 திருத்தத்துல 5ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, ரெண்டு இல்ல அதுக்கு மேல மாநிலத்துல பரவி கிடக்குற வட்டாரத்துக்கு ஒரு வட்டாரத் திட்டக் குழு அமைக்கலாம்னு. ஆனா அத அமைக்கிறது மேல இருக்குற தேசிய மன்றம்தான். ரெண்டு ஊரு கவுன்சில் தலைவருங்க டீ குடிச்சிட்டு நாமளே ஆரம்பிச்சிருவோம்னு ஆரம்பிக்க முடியாது.

நீங்க சொன்ன இடத்தையே பாருங்க. இந்தப் பக்கம் பினாங்கோட செபராங் பிறை மாநகர் மன்றம், தெற்க பேராக்கோட கிரியான் மாவட்ட மன்றம், ஆத்துக்கு அந்தப் பக்கம் கெடாவோட பண்டார் பாரு. யூஎஸ்எம் பல்கலைக்கழக எஞ்சினியரிங் கேம்பஸ் பினாங்குல, பிள்ளைங்க சாமான் வாங்கப் போறது பேராக்குல. பத்து காவான் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறவங்க மூணு மாநிலத்துல இருந்தும் போறாங்க. 2014ல பினாங்கு ரெண்டாவது பாலம் தொறந்தப்புறம் அந்தப் பக்கம் காடி எவ்வளவு கூடிருச்சின்னு நான் சொல்லி உங்களுக்கு தெரிய வேண்டியதில்ல. எல்லைய மதிக்காம ஓடுறது ரயிலு ஒண்ணுதான். பட்டர்வொர்த்துல இருந்து தெற்க வர்ற கோமியூட்டர் நிபோங் திபால்லயும் நிக்குது பாரிட் புந்தார்லயும் நிக்குது, ஏன்னா அது முழுக்க மத்திய அரசாங்கத்துது, எந்த மாநிலத்தையும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

மக வெளிநாட்டுல இருக்குற அம்மா: எம் மக அமெரிக்காவுல இருக்கா. அங்க பக்கத்து பக்கத்து ஊருங்க சேர்ந்து ரோடு பஸ் திட்டம் போடுதுங்களாமே, நிஜமாவா?

பதில்: நிஜம்தாம்மா. அதுக்கு எம்பிஓ, அதான் பெருநகரத் திட்டமிடல் அமைப்புன்னு பேரு. 1962ல ஒரு ஹைவே சட்டம் போட்டு, 50,000 பேருக்கு மேல இருக்குற நகரப் பகுதின்னா மாநிலமும் உள்ளூர் நகராட்சிகளும் சேர்ந்து தொடர்ச்சியா திட்டம் போட்டாதான் மத்திய ரோட்டுக் காசுன்னு சொல்லிட்டாங்க. 1973ல அந்த வேலைக்குன்னே தனியா காசும் ஒதுக்கினாங்க. இப்ப 400க்கு மேல இருக்கு. மேயர்களும் கவுண்டி ஆளுங்களும் மாநில போக்குவரத்து அதிகாரிங்களும் போர்டுல உக்காந்து, குறைஞ்சது 20 வருஷத்துக்கு ஒரு திட்டம், அடுத்த 4 வருஷத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு காசுன்னு ஒரு பட்டியல், ரெண்டும் வச்சிருக்கணும். பட்டியல்ல இல்லாத வேலைக்கு மத்திய காசு வராது.

அதோட பலம் அங்கதான் இருக்கு. எம்பிஓ தானா ரோடு போடாது, பஸ்ஸு பெரும்பாலும் வேற அமைப்பு ஓட்டும், ஆனா காசு இந்தக் கதவு வழியாதான் போகணும். சண்டை இல்லாமலா இருக்கும், பெரிய நகரம் சின்ன ஊர அமுக்குதுன்னு அங்கயும் கத்துறாங்க. ஆனா சண்டை போட ஒரு மேசை இருக்கு. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் 10 கவுன்சில் சேர்ந்து 2011ல ஒரே ஆணையமா ஆகி, 2023ல இருந்து 2025 ஆரம்பத்துக்குள்ள மொத்த பஸ் ரூட்டையும் தங்களோட கைக்கு கொண்டு வந்துட்டாங்க. நம்மகிட்ட அந்த மேசை கவுன்சில் மட்டத்துல இல்ல.

லயத்து வீட்டு தம்பி: அண்ணே, எங்க தோட்டத்து ரோடு குழியும் குண்டுமா கிடக்கு. நாங்க ஓட்டு போட்ட ஒய்பி வந்தாரு, பாத்தாரு, போனாரு. கவுன்சில் ஏன் தார் போட மாட்டேங்குது?

பதில்: தம்பி, இதுதான் நம்ம மாதிரி ஊருக்கு எல்லாத்துக்கும் மூலம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

அந்த ரோடு கம்பெனி ரோடு. உங்க தாத்தா காலத்துல கித்தா மரம் இருந்தப்பவும் சரி, இப்ப செம்பனை ஆனப்புறமும் சரி, நிலத்து கிராண்டு கம்பெனி பேர்ல, ரோடும் அதுக்குள்ள அடக்கம். நம்ம அரசியல் சட்டத்துல பத்தாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுலதான் மாநில ரோட்டு மானியம் வருது, ரோட்டு நீளத்த கணக்கு பண்ணி மத்திய அரசாங்கம் மாநிலத்துக்கு வருஷா வருஷம் குடுக்குற காசு. எந்தெந்த ரோடு அந்தக் கணக்குல வரும்னு ஒரு பதிவேடு, அதுக்கு மாரிஸ்னு பேரு. ரோடு மாரிஸ்ல ஏறியிருந்தா பராமரிப்புக்கு காசு வரும், கவுன்சிலோ ஜேகேஆரோ குழிய மூடும். ஏறலன்னா அந்த ரோடு காகிதத்துல இல்லாத ரோடு. கவுன்சில் ஆளு மனசு வச்சாலும் தனியார் நிலத்துல அரசாங்கக் காசக் கொட்டினா ஆடிட்ல மாட்டிக்குவான்.

இத பஸ்ஸோட சேத்துப் பாருங்க. கம்பெனி நிலத்துல ரூட்டு போட கம்பெனி சம்மதம் வேணும். கம்பெனி சம்மதிக்காது, ஏன்னா பழத் திருட்டு பயத்துல ராத்திரி ஆச்சுன்னா சங்கிலி போட்டு கேட்ட மூடுறவங்க அவங்க. அதனால பஸ்ஸு வந்தாலும் ரோட்டு சந்திப்புல, அதான் சிம்பாங்கோட நின்னுரும். அங்க இருந்து லயத்துக்கு மழையில ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவுல செம்மண் சேறு, பழம் ஏத்துன லோரி வந்தா ஒதுங்க இடமில்லாம கால்வாய்ல இறங்கி நிக்கணும். தமிழ்ஸ்கூல் பிள்ளைங்க ஷூவ கையில எடுத்துக்கிட்டு செருப்புல நடந்து சிம்பாங்ல மாத்திக்கிறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான்.

வழி என்னன்னா, ரோட்டுக்கு வேண்டிய அகலத்த கம்பெனி மாநிலத்துக்கு விட்டுக் குடுக்கணும், நில ஆபீஸ் அத ரோட்டு ரிசர்வா ஆக்கணும், அளந்து கவுன்சில் இல்ல ஜேகேஆர் ஏத்துக்கணும், அப்புறம் மாரிஸ்ல ஏத்தணும். ஒய்பி கிட்ட தார் போடுங்கன்னு கேட்டா தேர்தலுக்கு முந்தி ஒரு தடவ ரெண்டு லோரி கல்லு கொட்டுவாரு, மழை வந்தா போயிரும். ரிசர்வு ஆக்கிக் குடுங்கன்னு கேளுங்க. அதே கோட்ட உள்ளூர் திட்டத்து வரைபடத்துலயும் போடச் சொல்லுங்க. நாளைக்கு நிலம் கை மாறினாலும் கோடு மாறாது, அத லேசுல அழிக்க முடியாது.

கிராணி பேரன்: எங்க தோட்டத்துல பாதிய டெவலப்பருக்கு வித்துட்டாங்கன்னு பேச்சு. டாமான் வந்தா டிராஃபிக் என்ன ஆகும், யாரு கேப்பா?

பதில்: டெவலப்பரு கெபெனாரான் மெராஞ்சாங், அதான் திட்ட அனுமதி, வாங்கணும். விண்ணப்பம் ஓஎஸ்சிங்கற ஒரே கவுண்டர்ல போகும், அங்க இருந்து ஜேகேஆர் மாதிரி டிபார்ட்மெண்டுங்க கருத்த கேப்பாங்க. பெரிய திட்டம்னா டிராஃபிக் ஆய்வும் வேணும். அந்த ஆய்வுல பெரும்பாலும் எத்தன காடி வரும், எந்த சந்திப்புல சிக்னல் வேணும்னு இருக்கும். பஸ்ஸு திரும்ப இடம் இருக்கா, சிம்பாங்ல இருந்து நடந்து வர நடைபாதை இருக்கானு யாராவது கேட்டாதான் உண்டு. உங்க பகுதிக்கு உள்ளூர் திட்டம் இன்னும் இல்லன்னா, பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள்ள ஆட்சேபம் சொல்லணும். லயத்துல குடியிருக்கறவங்க நிலத்துக்காரர் இல்ல, நோட்டீஸ் அவங்களுக்கு வராது. அதனாலதான் சொல்றேன், உள்ளூர் திட்டம் காட்சிக்கு வைக்கிற நேரத்த விட்டுறாதீங்க, அதுல யாரு வேணா பேசலாம்.

சுக்காய் பிந்து கட்டுறவரு: நாங்க கட்டுற வரியில கவுன்சிலே பஸ்ஸு விடலாமே? சிலாங்கூர்ல இலவசமா ஓடுதே.

பதில்: சிலாங்கூர்ல 2015ல ஆரம்பிச்ச இலவச பஸ்ஸுக்கு பின்னாடி மாநில அரசாங்கம் இருக்கு, கவுன்சிலுங்க சேர்ந்து நடத்துது. ஜொகூர் இன்னும் ஒரு படி மேல போயி மாநிலத்துக்குன்னே பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒண்ணு ஆரம்பிச்சு, 2016ல பாஸ் முஆஃபாக்காட்ங்கற பஸ் சேவைய விட்டுது. ரெண்டும் காசு இருக்குற மாநிலம். நம்ம மாதிரி மாவட்ட மன்றம் வசூல் பண்ற வரி குப்பை அள்ளவும் கால்வாய் வாரவுமே சரியாப் போயிரும்.

பாசார்ல காய்கறி விக்கிறவரு: கவுன்சிலர எங்களால ஓட்டு போட்டு மாத்த முடியாதா?

பதில்: முடியாது. 1965ல உள்ளூர் தேர்தல நிறுத்தினாங்க, 1976 உள்ளூராட்சி சட்டத்துல நியமனம்னே ஆக்கிட்டாங்க. 8ல இருந்து 24 கவுன்சிலர், மாநில அரசாங்கம் போடும், ஒரு தடவைக்கு 3 வருஷத்துக்கு மேல போகாது. நம்ம ஆளு ஒருத்தரு, செனட்டர் ஆதி நாகப்பன், இத விசாரிக்க வச்ச அரச ஆணையத்துக்கு தலைவரா இருந்தாரு. 1968ல அறிக்கை குடுத்து, தேர்தல் திரும்ப வேணும்னுதான் சொன்னாரு. யாரும் கேக்கல. இதுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. அமெரிக்கா போர்டுல உக்கார்ற மேயரு ஊருக்கு திரும்பி வந்து ஓட்டு கேக்கணும், பஸ்ஸு வரலன்னா திட்டு வாங்கணும். நம்ம கவுன்சிலரு மேல பாத்துதான் பேசணும், தனிப்பட்ட ஆளா நல்லவரா இருந்தாலும் அதுதான் அமைப்பு.

ஸ்கூல் பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்க) செயலாளர்: சரிண்ணே, உள்ளூர் திட்டத்துக்கு என்ன எழுதிக் குடுக்கணும்? போன தடவ எல்லாரும் சேர்ந்து பஸ் வேணும்னு கையெழுத்து போட்டுக் குடுத்தோம், ஒண்ணும் நடக்கல.

பதில்: பஸ் வேணும்ங்கறத அவங்க கோப்புல வச்சிட்டு பேசாம இருந்துருவாங்க. எங்க இருந்து எங்க, எத்தன மணிக்கு, எத்தன பேருன்னு குடுங்க. வீடு வீடா ஒரு தாள்: யாரு காலையில எங்க போறா, எதுல போறா, எத்தன மணிக்கு திரும்புறா. ஃபேக்டரி ஷிப்டு காலை 7க்கும் ராத்திரி 7க்கும் மாறுதுன்னா அத எழுதுங்க. டயாலிசிஸ் போறவங்க எந்தெந்த நாளுன்னு எழுதுங்க. ஆத்தத் தாண்டிப் போறவங்கள தனியா ஒரு பக்கத்துல போடுங்க, அந்தப் பக்கத்து நகலு அந்த மாநிலத்து கவுன்சிலுக்கும் மத்திய திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவுக்கும் போகணும். ஒரு பக்கத்து ஆளுங்க மட்டும் எழுதினா எண்ணிக்கை பத்தாது, அந்தக் கரை தோட்டத்துலயும் சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல, அவங்களையும் அதே வாரத்துல எழுத வைங்க.

வரைவு திட்டம் காட்சிக்கு வச்சா ஆட்சேபத்துக்கு குறைஞ்சது 4 வாரம் இருக்கும். படிவத்துல நேர்ல பேச விரும்புறேன்னு ஒரு கட்டம் இருந்தா அத மறக்காம டிக் பண்ணுங்க, அப்பதான் விசாரணைக் குழு கூப்பிடும். மேப்புல உங்க ரோட்டு மேல பேனாவால கோடு போட்டு பின் பண்ணி வைங்க, அதிகாரிங்க வாசகத்த விட மேப்பதான் பாப்பாங்க. மலாய்ல எழுத சிரமம்னா தமிழ்ல எழுதி எங்கிட்ட குடுங்க, மாத்தித் தர்றேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கோயில் மண்டபத்துல இருப்பேன், பேனாவும் நிலவரி ரசீது நகலும் கொண்டு வாங்க, லயத்துல இருக்கறவங்களுக்கு ஐசி, அதான் அடையாள அட்டை, மட்டும் போதும்.