நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே இயக்குநராக முடியுமா?

முடியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த பாப் கிப்புத் நல்ல உதாரணம். 1914-ல் அங்கே உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் நீச்சல் அணியின் பொறுப்பை ஏற்றார். 1959-ல் ஓய்வு பெறும்வரை அவரது அணி கல்லூரிப் போட்டிகளில் 528 வெற்றி, 12 தோல்வி. நம்பவே கஷ்டமான கணக்குதான்!

இத்தனைக்கும் காரணம் என்னவென்றால், தண்ணீரில் இறங்கும் முன்பே அவர் பையன்களைத் தரையில் வாட்டி எடுத்தார். ‘மெடிசின் பால்’ என்ற கனமான பயிற்சிப் பந்தைத் தூக்கி எறிவது, கப்பியில் கட்டிய எடையை இழுப்பது என்று தோளும் வயிறும் உறுதியாகும்வரை விடமாட்டார். நீச்சல்காரனுக்குத் தசை இறுகக் கூடாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவரிடம் பயின்ற ஆலன் ஃபோர்டு 1944-ல் 100 கஜத்தை 50 விநாடிக்குள் நீந்தினார். உலகில் அதை முதலில் செய்தவர் அவர்தான்.

1946 முதல் 1949 வரை கிப்புத் யேலின் விளையாட்டு இயக்குநர். எல்லா விளையாட்டுகளுக்கும் நிதி பிரிப்பது, பயிற்சியாளர்களை நியமிப்பது, அட்டவணை போடுவது எல்லாம் அந்தப் பதவியின் வேலை. ஆனால் அவர் குளத்தை விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க ஆண்கள் ஆறு நீச்சல் பந்தயங்களிலும் தங்கம் வென்றார்கள். நிர்வாக நாற்காலியில் இருந்துகொண்டே இதைச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி அறிவித்த, அந்நாட்டின் மிக உயரிய குடிமக்கள் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கத்துக்கான பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.