பரோவின் இடத்துக்கு வந்தவர்

அன்புள்ள ஐயா,

என் மகன் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) படிப்பு முடிந்து போகிறார். அடுத்து வருபவர் இதுவரை ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டங்களின் கடைசிப் பத்து நிமிடங்கள்தான் ஆடியிருக்கிறார். அணிக்குள்ளேயே பிரிந்து ஆடும் ஸ்பிரிங் பயிற்சி ஆட்டத்தில் பிரமாதமாக எறிந்தார். அவரை எப்படி எடைபோடுவது?
ரா.

அன்புள்ள ரா.,

அந்தப் பத்து நிமிடங்களை நம்பாதீர்கள். அப்போது எதிரணியும் தன் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்திருக்கும். ஸ்பிரிங் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிறச் சட்டை கொடுத்துவிடுவார்கள், அவர்மேல் யாரும் பாயக்கூடாது. அடி விழாது என்று தெரிந்தால் யாரும் நிதானமாக எறியலாம். நான்கு பேர் பாய்ந்து வரும்போது கண், தூரத்தில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்மேல் நிற்கிறதா, பாய்கிறவன்மேல் இறங்கிவிடுகிறதா? அதுதான் சோதனை.

அப்புறம், போகிறவரின் கடைசி வருடத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 2019ல் 60 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லையில் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்) எறிந்தார், பதினைந்து ஆட்டத்திலும் வெற்றி. அதே பரோ அங்கே முதல் வருடம், 2018ல், எறிந்தவை 16தான். புதியவரை அந்த 16க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

பரோவின் இடத்துக்கு வந்த மைல்ஸ் பிரென்னனை நினைத்தால் எனக்கு இன்னும் மனது ஆறவில்லை. மூன்று வருடம் காத்திருந்தவர். 2020ல் மூன்றே ஆட்டத்தில் 11 டச்டவுன் எறிந்தார், பிறகு காயம். அந்த மூன்றில் அணி இரண்டில் தோற்றது. மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 44-34, மிசௌரியிடம் 45-41. 34ம் 41ம் எடுத்துத் தோற்றால் பழி எறிந்தவர்மேலா? முதல் ஆட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக் 623 கெஜம் எறிந்தார். ஓட்டை தடுப்பில் இருந்தது. முந்தைய அணியிலிருந்து 14 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) போயிருந்தார்கள், தடுப்புப் பயிற்சியாளரும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். ஆனால் ‘பரோ இல்லாததால் விழுந்தது’ என்றுதான் பேசினார்கள்.

அதனால் உங்கள் அணியில் இன்னும் யார் யார் போகிறார்கள் என்று எண்ணுங்கள். முக்கியமாக, பந்தைக் காலுக்கிடையில் பின்னால் தரும் சென்டர். எதிரணி எங்கிருந்து பாயும் என்று கணித்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். அவரும் புதியவர் என்றால் குவார்ட்டர்பேக்குக்கு ஐந்தாறு ஆட்டமாவது கொடுங்கள்.

முதல் ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அந்தச் சென்டரையே கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.