தண்ணீர் கலக்காத கிண்ணம்

அன்புள்ள ஐயா,

நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் பல்லாவரம். பெருநாள் விடுமுறையில் மனைவி, அம்மாவோடு நான்கு நாள் ஆர்மேனியா போய் வந்தேன். தலைநகர் யெரெவானிலிருந்து ஒருநாள் சுற்றுலா ஒன்று எடுத்தோம். காலையில் கோர் விராப் மடாலயம், மதியம் அரேனி கிராமத்தில் ஒயின் சுவைத்தல், அதன்பின் மலைக்குள் நொராவாங்க் மடாலயம்.

அரேனியில் ஆறு வகை ஒயின் கொடுத்தார்கள். நானும் மனைவியும் எல்லாவற்றையும் சுவைத்தோம். அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. நொராவாங்க் போய்ச் சேர்ந்ததும், "குடிச்ச வாயோட சாமி இருக்கிற எடத்துக்குள்ள வராத" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் வெளியே சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் இருவரும் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். அங்கே கொடுத்ததே ஐம்பது நிமிடம்தான்.

மடாலயத்தையும் மதுவையும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் சேர்ப்பது முறையா? நான் செய்தது தவறா? ஊருக்கு வந்தும் மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்த்த கண்ணுக்கு அந்த மடாலயம் ரொம்பச் சின்னதாகத்தான் தெரிந்தது.

ஆர்., ஷார்ஜா

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். பெட்டியில் இருந்தது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். ஐம்பது நிமிடம் போதாது, உண்மை. வேனில் போனால் அப்படித்தான். தனியாக டாக்ஸி பிடித்துப் போயிருக்கலாம். பெரிய கோவிலோடு ஒப்பிட்டதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஊருக்குப் போய் அங்கே இருப்பதைப் பார்க்காமல் நம் ஊரில் இருப்பதை அளந்துகொண்டிருந்தால், டிக்கெட் காசு மிச்சம் என்று பல்லாவரத்திலேயே இருந்திருக்கலாம்.

பல்லாவரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலைப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் ஓர் ஆர்மேனிய வணிகர், கோஜா பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் பாலம் கட்டியதும் அவர்தான். பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு இருக்கிறதே, அதை நம் ஜனங்கள் வாய்க்கு வந்தபடி அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். அந்தத் தெருவின் பழைய தேவாலயத்து நிழலில் என் இருபது வயதில் எத்தனையோ மதியம் சோற்றுப் பொட்டலம் பிரித்திருக்கிறேன். கல்லறைகளில் இருந்த எழுத்து என்ன மொழி என்றுகூட அப்போது கேட்டதில்லை. உங்கள் அம்மாவிடம் இந்தப் படிக்கட்டுக் கதையைச் சொல்லுங்கள். மகன் கூட்டிக்கொண்டு போன நாடு அத்தனை அந்நியம் இல்லை என்று தெரியட்டும்.

அம்மா என்றதும் கோபமும் வருகிறது. அவரை வேனில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஆறு வகை சுவைத்துக்கொண்டிருந்தீர்கள். எத்தனை நேரம்? ஒரு மணி நேரமாவது இருக்கும். அங்கே தோட்டம் இருக்கிறது, கொடி இருக்கிறது, மண் ஜாடிகள் இருக்கின்றன. குடிக்காதவர் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. "வாம்மா, சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவர் நொராவாங்கில் உங்களைத் தடுத்ததற்குக் காரணம் ஒயின் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. கடிதத்தில் சுவைத்த இடத்தில் "ஒயின்" என்று எழுதியிருக்கிறீர்கள். உறுத்தல் வந்த இடத்தில் அதே சாமான் "மது" ஆகிவிட்டது. என் வீட்டில் இந்த இரண்டு சொல்லும் கிடையாது. எங்களுக்கு அது ரசம். திராட்சரசம்.

அப்பா எங்கள் கிராமத்துத் தேவாலயத்தில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கு, பாய், எல்லாம் அவர் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை, அப்பமும் ரசமும் பகிரும் வழிபாடு. அதற்கு ரசம் காய்ச்சுவதும் அவர்தான். கருப்பு உலர்திராட்சை வாங்கிக் கழுவி வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப்போடுவார். சனிக்கிழமை வேகவைத்து, கையால் பிசைந்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, சீனி போட்டு மறுபடி சூடாக்கி, ஆறியதும் பாட்டிலில் ஊற்றுவார். அந்தத் துணி வேறு எதற்கும் தொடப்படாது. டிரங்குப் பெட்டியில் இருந்தது அதுதான். எத்தனை துவைத்தாலும் போகாத கத்தரிப்பூக் கறை, நடுவில் மட்டும், பிழிந்து பிழிந்து நூல் விலகிய இடத்தில்.

சபையில் ரசத்துக்குக் கொடுத்த காசுக்குக் கால் கிலோ திராட்சைதான் வரும். சாதாரண மாதத்துக்கு அது போதும். ஈஸ்டருக்கு வெளியூரில் வேலை பார்ப்பவர்களெல்லாம் வந்துவிடுவார்கள், கூட்டம் இரண்டு மடங்கு. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வருவார். கடைசி வரிசை பெரும்பாலும் கூலிக்காரப் பெண்கள். அவர்களிடம் வருவதற்குள் கிண்ணம் காலியாகிவிடுமோ என்பது அப்பாவின் பயம். அதனால் சனிக்கிழமை ராத்திரி, யாரும் பார்க்காதபோது, சொம்பிலிருந்து தண்ணீர் சேர்ப்பார். நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயது எனக்கு. என்னைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வருஷம் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் திடீரென்று கேட்டார். "ஏல, ரசத்துல தண்ணி ஊத்துனேன்லா, அது பாவமால?"

"அதெல்லாம் இப்ப யாருக்குப்பா ஞாபகம் இருக்கு" என்றேன். கையில் போன் இருந்தது, அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நானும் நீங்கள் போன அதே பாதையில் போனேன். அக்டோபர் மாதம், அறுவடை நேரம். நெடுஞ்சாலையோரம் பெண்கள் மேசை போட்டு வீட்டு ஒயினைக் கோலா பாட்டில்களில் நிரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஈரானுக்குப் போகும் லாரிக்காரர்கள் எல்லையில் மாட்டாமல் கொண்டுபோக வசதியாக இப்படி அடைப்பது என்று அங்கே சொல்வார்கள். தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி பிளாஸ்டிக் டம்ளரில் இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுத்தார். புளிப்பும் மண்வாசனையும். டம்ளரைக் கொடுத்த அவர் விரல் நகங்களின் ஓரத்தில் கத்தரிப்பூக் கறை.

அப்புறம் கிராமத்துக்குள் ஒரு சிறிய ஒயின் கூடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் வழிகாட்டிப் பெண் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறபோக்கில் சொன்னாள்: "எங்கள் திருச்சபை கிண்ணத்தில் தண்ணீர் கலப்பதில்லை. மற்றப் பழைய சபைகள் எல்லாம் கலக்கும்."

மற்றப் பழைய சபைகள் எல்லாம் கலக்கும்! கத்தோலிக்கர் பூசையில் குருவானவர் ரசத்தில் துளி தண்ணீர் விடுகிறார். கிரேக்கர்கள், சிரியர்கள், எகிப்தின் காப்டிக் சபையார், எல்லோருக்கும் தண்ணீர் சேர்ப்பதுதான் முறை. எங்கள் ஊரில் அடுத்த தெருவே கத்தோலிக்கத் தெரு. அறுபது வருஷம் அப்பா அவர்களோடு பீடி பகிர்ந்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே, போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லியிருப்பேன். அந்தக் கோப்பையை என்னால் முடிக்க முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மடத்தையும் ஒயினையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சுற்றுலாக்காரரா? நொராவாங்குக்குப் பிரியும் பாதை பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு குகை இருக்கிறது, வேன் ஜன்னலிலிருந்தே தெரியும். 2007-லிருந்து அங்கே தோண்டினார்கள். திராட்சையை மிதிக்கும் களிமண் தொட்டி, சாறு வழிந்து விழத் தரையில் பதித்த மிடா, விதை, தோல், காய்ந்த கொடி, எல்லாம் கிடைத்தன. 2011-ல் வெளியிட்டபோது வயது சுமார் 6100 வருஷம் என்றார்கள். அதைச் சுற்றிலும் கல்லறைகள். செத்தவர்களுக்கான சடங்குக்குத்தான் அங்கே ரசம் பிழிந்திருக்க வேண்டும் என்பது தோண்டியவர்களின் எண்ணம். மடம் வந்தது 1205-ல். எது எதற்குள் வந்து சேர்ந்தது என்று நீங்களே கணக்குப் பாருங்கள், கணக்குப் பிரிவில்தானே இருக்கிறீர்கள்.

அந்த ஊர்த் திராட்சைக்கும் அரேனி என்றுதான் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை வேரோடு அழித்த பூச்சி அந்த மலைப்பகுதிக்குள் வரவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை பிழைத்தது. இங்கே இன்னும் சொந்த வேரில் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கிண்ணம். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 692-ல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய ஆயர் சங்கம், ஆர்மேனியாவில் வெறும் ரசத்தைப் படைக்கிறார்கள், தண்ணீர் சேர்க்காத குருவைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று நாட்டின் பெயர் சொல்லியே விதி எழுதியது. அதற்கு அவர்கள் அசையவில்லை. பிறகு ரோமின் முறை. மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் சிலிசியாவில் இருந்த ஆர்மேனிய அரசு, படை உதவியை எதிர்பார்த்து ரோமின் போப்பாண்டவரோடு நெருங்கப் பார்த்தது. 1307-ல் சிஸ் நகரில் கூடிய சங்கம் தண்ணீர் கலக்க ஒப்புக்கொண்டது. கிழக்கே மலைநாட்டில் அதை ஏற்கவில்லை. அந்த ரோம இணக்கத்தை அதற்கு முன்பிருந்தே கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சியூனிக் பகுதியின் பேராயர் ஸ்தேபானோஸ் ஒர்பேலியன். அந்தப் பகுதியின் வரலாற்றை எழுதியவர். அவருடைய ஆசனம் நொராவாங்கில்தான் இருந்தது. அங்கேயேதான் அடக்கமும் ஆனார்.

குடித்த வாயோடு உள்ளே போகக்கூடாது என்று நீங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த வளாகத்துக்குள் படுத்திருப்பவர் இப்படிப்பட்டவர். கிண்ணத்தில் ஒரு துளி தண்ணீர் விழுவதற்குக்கூட அவருடைய ஆட்கள் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கு ரசம் அவ்வளவு பெரிய விஷயம். நீங்கள் உள்ளே போயிருந்தால் அந்த ஒர்பேலியன் குடும்பத்துக் கல்லறைப் பலகைகளைத் தரையில் பார்த்திருப்பீர்கள். 1300-ல் இறந்த எலிகும் என்ற இளவரசனுக்குச் சிங்கம் படுத்திருப்பதுபோல ஒரு கல்.

சரி, வெளியேதான் இருந்தீர்கள். ஐம்பது நிமிடம். தலையைத் தூக்கிப் பார்த்தீர்களா? முன்மண்டபத்தின் மேல் ஜன்னலுக்கு மேலே, வெளிச்சுவரில்தான், பிதாவாகிய கடவுளையே செதுக்கி வைத்திருக்கிறான் மோமிக் என்ற சிற்பி. கிறிஸ்தவச் சிற்பத்தில் அப்படிச் செய்வது அரிது. பாதாம் பருப்பு வடிவில் பெரிய கண்கள், நீண்ட தாடி, ஆசி கொடுக்கும் கை. உள்ளே வராதவனையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் தம்பி அவை. பக்கத்திலேயே அவன் கடைசியாகக் கட்டிய இரண்டடுக்குக் கோவில், 1339-ல் முடிந்தது. முகப்புச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் இரண்டு பக்கமும் மேலே போகும். ஒரு பாதம் வைக்கத்தான் இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நான் ஏறும்போது கையையும் படியில் ஊன்றித்தான் ஏறினேன். வெயில் கொளுத்தியும் கல் சில்லென்று இருந்தது. இறங்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி, குழந்தைகள் கட்டிலிலிருந்து இறங்குவதுபோலக் காலால் துழாவி இறங்க வேண்டும். நானும் அன்றைக்கு இரண்டு மடக்கு குடித்திருந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

தவறா என்று கேட்டீர்கள். தெரிந்துகொள்ளாமல் உறுத்திக்கொண்டே இருந்தீர்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "குடித்துவிட்டு உள்ளே போகலாமா?" அவ்வளவுதான். அம்மாவுக்கும் கேட்கும்படி பதில் வந்திருக்கும். என் அப்பாவும் கேட்காமலே நாற்பது வருஷம் சுமந்தார். கடைசியில் ஒரே ஒரு முறை கேட்டார், அதுவும் என்னிடம்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆர்மேனியர்கள் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மாதாவின் பெருவிழா கொண்டாடுகிறார்கள். அன்று அந்த வருஷத்துத் திராட்சையைத் தேவாலயத்தில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். பழைய வழக்கப்படி இருப்பவர்கள் அதற்கு முன் திராட்சையைத் தொட மாட்டார்கள். பூசை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் கொத்தாகக் கொடுப்பார்கள், யார் என்ன மதம் என்று பார்ப்பதில்லை. நீங்கள் இருக்கும் ஷார்ஜாவிலேயே அவர்களுக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. ஆர்மேனியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர், கோர் விராப் பாதாளச் சிறையில் கிடந்தாரே கிரிகோரியார், அவர் பெயரில்தான். ஆகஸ்டில் அம்மாவை விசா எடுத்துக் கூப்பிடுங்கள். வெயில் அதிகம்தான், பரவாயில்லை. இந்தத் தடவை வேனில் உட்கார வைக்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். திராட்சை கொடுக்கும்போது அவர் கையிலேயே வாங்கச் சொல்லுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கழுவித் தந்தால் நீங்களும் சாப்பிடுங்கள்.