டிரைவரைக் கேட்காமல் கேபின் கட்டுவீர்களா?

போன மாதம் நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி, கடைசி செமஸ்டர். அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மார்க்‌ஷீட் இருக்கும் என்று நினைத்தேன். பட்டறை நிலத்தின் பத்திர நகல் இருந்தது.

"மச்சினன் பையன் டெக்சாஸ்ல இருக்கானுங்க மேடம். இவளையும் அங்கயே எம்.எஸ். டேட்டா சயின்ஸ் சேர்த்துடலாம்ங்கறான். மொத்தம் நாப்பத்தஞ்சு லட்சம் ஆகுமாம். பட்டறைய வச்சா பேங்க்ல குடுத்துருவாங்களாம். பொண்ணுதான் வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார் அப்பா.

வருகிற பெற்றோருக்கு முதல் அரைமணி நேரம் ஆறுதலாகப் பேசுவது என் வழக்கம். அன்று பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பத்திரம் பையிலிருந்து வெளியே வந்த பிறகு ஆறுதலுக்கு ஏது நேரம்? அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். அதே குழப்பத்தில் இன்னும் பல அப்பாக்கள் இருக்கிறார்கள்.

முதலில் கணக்கு, அண்ணா. 45 லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி என்று வைத்தால், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வட்டி மட்டுமே மாதம் 39,000 ரூபாயைத் தாண்டும். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடன் நிற்கிறது. அமெரிக்காவில் வேலை செய்யத் தேவைப்படும் எச்1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. உலகம் முழுவதிலுமிருந்து வரும் விண்ணப்பம் அதைவிடப் பல மடங்கு. உங்கள் மச்சினர் மகன் போன காலமும் இந்தக் காலமும் ஒன்றில்லை. அவர் நல்ல பையன்தான். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லையே. பட்டறையில் ஆறு பேர் வேலை செய்வதாகச் சொன்னீர்கள். அந்த ஆறு வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் அடமானம் வைக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் "யோசித்துப் பாருங்கள்" என்று மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு டேட்டா சயின்ஸ் பிடிக்குமா என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

கோழித்தீவனம் பரிசோதிக்கும் ஒரு லேபில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் போயிருக்கிறாள். தீவனத்துக்கு வரும் மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று எலைசா என்ற பரிசோதனை முறையில் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. அதற்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. மேலிருந்து கீழாக ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, இடமிருந்து வலமாக 1 முதல் 12 வரை பத்தி, ஆக 96 குழிகள். பைப்பெட் என்பது திரவத்தை அளந்து ஊற்றும் கருவி. எட்டு முனை உள்ள பைப்பெட்டால் ஊற்றும்போது கை மேலிருந்து கீழாகப் போகும். முதல் சாம்பிள் ஏ1, இரண்டாவது பி1, மூன்றாவது சி1. ஆனால் தட்டைப் படிக்கும் கருவியின் ஸ்கிரீனில் சாம்பிள் பெயர் அடிக்கும் பட்டியல் இடமிருந்து வலமாகப் போகிறது: ஏ1, ஏ2, ஏ3. கை ஒரு திசையில், கம்ப்யூட்டர் இன்னொரு திசையில். அவசரத்தில் வரிசையாகப் பெயர் அடித்துக்கொண்டே போனால், இரண்டாவது லாரி சோளத்தின் பெயர் வேறு ஏதோ ஒரு லாரியின் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல சோளம் திரும்பிப் போகும், கெட்ட சோளம் கோழிக்குப் போகும்.

இரண்டு முறை இதைக் கண்டுபிடித்தது இந்தப் பெண். கண்டுபிடித்ததோடு விடவில்லை. தட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே எட்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஊற்றும் திசைக்கு அம்புக்குறி வைத்து, ஒரு தாள் தயார் செய்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அதற்கடுத்த நான்கு பக்கங்களில், அந்த ஸ்கிரீனே எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறாள். சாம்பிள் பெயரை எங்கே அடிப்பது, பார்கோடு எங்கே, ஒரு குழி விட்டுப்போனால் எந்த நிறத்தில் காட்டுவது, எல்லாம் இருந்தது.

"இவ சும்மா கிறுக்கிட்டே இருப்பாளுங்க மேடம்" என்றார் அம்மா.

அந்தக் கிறுக்கலுக்கு ஒரு தொழில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பி.எட்., நெட், பிஎச்.டி., மெடிக்கல் கோடிங், வங்கித் தேர்வு ஆகியவற்றை நான் தொடவில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருப்பார்கள்.

அண்ணா, உங்கள் பட்டறைக்குச் சேசிஸ் வருகிறது. கேபின் கட்ட ஆரம்பிக்கும் முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "டிரைவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாப்பேனுங்க. ஆள் உயரம், கால் எட்டுதா, தண்ணி பாட்டில் எங்க வைப்பான், சாமி படம் எங்க வேணும், எல்லாம் கேக்கோணும். ஓனர் சொல்றத மட்டும் கேட்டுக் கட்டினா, டிரைவர் ரெண்டாவது லோடுலயே திட்டுவான்" என்றார். இதைத்தான் மென்பொருள் உலகில் யூஎக்ஸ் டிசைன் என்கிறார்கள். பயன்படுத்துகிறவரை மையமாக வைத்து வடிவமைப்பது. ஐஎஸ்ஓ 9241-210 என்று இதற்குச் சர்வதேசத் தரநிலையே உண்டு. படித்துப் பார்த்தால் உங்கள் பட்டறை நடைமுறைதான்: ஆள் எந்த இடத்தில் எப்படி வேலை செய்கிறார் என்று போய்ப் பார், தேவையை எழுது, மாதிரி செய், அவரையே உட்காரவைத்துச் சோதி, தப்பைத் திருத்து, மறுபடி சோதி.

சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப் வடிவமைக்க ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வக மென்பொருள் பக்கம் அந்தக் கூட்டம் இல்லை. காரணம் எளிது: லேபுக்குள் நின்றிராத டிசைனருக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது. கையில் நைட்ரைல் உறை, அதன் மேல் இன்னொரு உறை. டச் ஸ்கிரீனில் சின்னப் பொத்தானைத் தொட்டால் பக்கத்துப் பொத்தான் அமுங்கும். இரண்டு கையும் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் இருக்கும்போது, "பத்து நிமிடமாக நீங்கள் எதையும் தொடவில்லை" என்று கம்ப்யூட்டர் தானே வெளியேறிவிடும். உடனே என்ன செய்வார்கள் தெரியுமா? கிடைத்த எண்ணைக் கையுறையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்வார்கள். அந்த உறை சாயங்காலம் குப்பைக்குப் போகும். ஒளிரும் செல்களைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் அறை இருட்டாக இருக்கும். அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்கிரீனை வைத்தால் கண் கூசும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நிறத்திலேயே முடிவைக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மருந்து கம்பெனி லேப் என்றால் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11 என்ற விதி 1997-லிருந்து இருக்கிறது. மின்னணுப் பதிவில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிய வேண்டும், பழைய எண் அழியக்கூடாது. பல இடங்களில் மாற்றியதற்குக் காரணம் கேட்டு ஸ்கிரீனில் ஒரு பெட்டியும் எழும். ஒரு நாளைக்கு நாற்பது முறை அந்தப் பெட்டி எழுந்து நின்று காரணம் கேட்டால், மனுஷன் ஒரு புள்ளியை வைத்துவிட்டு ஓகே அழுத்துவான். பெட்டியை எடுத்துவிடவும் முடியாது. உண்மையான காரணத்தை எழுதுவது சிரமமில்லாதபடி அதை எப்படி அமைப்பது? இதற்கு அழகான நிறம் தெரிந்தால் போதாது. லேப் தெரிய வேண்டும், விதி தெரிய வேண்டும், களைத்துப்போன மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு இதில் முதலும் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன.

இது என்ன பெரிய விஷயம், கொஞ்சம் கவனமாக இருந்தால் போதாதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மரபணுக்களுக்கு மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செலில் அடித்தால் அது தேதி என்று நினைத்துக்கொண்டு 1 மார்ச், 2 செப்டம்பர் என்று மாற்றிவிடும். 2004-லேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தத் தப்பு இருப்பதாகக் கண்டது. கவனமில்லாதவர்களா அவர்கள் எல்லாம்? கடைசியில் 2020-ல் பெயர் சூட்டும் குழு மரபணுவின் பெயரையே மாற்றியது. மென்பொருள் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி 2023-ல்தான் வந்தது. மனித உடம்பிலுள்ள ஒரு பொருளின் பெயரை மாற்றுவது ஒரு ஸ்கிரீனை மாற்றுவதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

அதே 2020-ல், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக, இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. லேப் முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மீதி சத்தமில்லாமல் கழன்றுவிட்டது.

நம்பிக்கைக்கும் ஓர் ஆளைச் சொல்கிறேன். ஆன் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. படித்தது செல் உயிரியல். ஆயிரக்கணக்கான செல் படங்களை எண்ணி அளக்கத் தோதான மென்பொருள் கிடைக்காமல், கம்ப்யூட்டர் படித்த ஒருவரோடு சேர்ந்து தாமே உருவாக்கினார். செல்புரொஃபைலர் என்று 2005-ல் வெளிவந்தது. இன்றும் இலவசம். புரோகிராம் எழுதத் தெரியாத உயிரியலாளரும் பயன்படுத்தும்படி அமைத்ததில்தான் அதன் வெற்றி. உங்கள் மகள் அதை இன்றிரவே இறக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு எங்கே தடுமாறினாள் என்று ஒரு பக்கம் எழுதட்டும்.

எப்படி நுழைவது? ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு "யூஎக்ஸ் டிசைனர்" என்று அட்டை போட்ட வேலை கிடைப்பது அபூர்வம். பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். ஆய்வகத் தகவல் மேலாண்மை மென்பொருளை லிம்ஸ் என்பார்கள். மின்னணு லேப் நோட்டு இன்னொன்று. இவற்றை லேபில் நிறுவித்தர, சோதிக்க, பயிற்சி கொடுக்க உயிரியலும் வேதியியலும் படித்தவர்களை எடுக்கிறார்கள். இதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டாம். சென்னையிலேயே லிம்ஸ் தயாரிக்கும் அகரம் டெக்னாலஜீஸ் இருக்கிறது, விஞ்ஞான மென்பொருள் சேவைக்கு ஜிஃபோ இருக்கிறது. ஐதராபாத்தில் மருந்து லேபுகளும் கருவி நிறுவனங்களும் நிறைய. இரண்டு வருடம் அப்படி ஒரு வேலையில் இருந்தால், எந்த ஸ்கிரீனைப் பார்த்து யார் எங்கே திட்டுகிறார்கள் என்பது விரல்நுனியில் வந்துவிடும். அங்கிருந்து டிசைன் குழுவுக்கு நகர்வதுதான் வழி. முதல் சம்பளம் மச்சினர் சொல்லும் தொகையாக இருக்காது. அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது போர்ட்ஃபோலியோ, அதாவது தான் செய்த வேலைகளின் தொகுப்பு. மூன்று வேலைகள் போதும், முப்பது வேண்டாம். முதலாவது கையிலேயே இருக்கிறது, அந்த 96 குழித் தட்டு. ஸ்கிரீன் வரைய உதவும் மென்பொருளான ஃபிக்மாவின் இலவசக் கணக்கில் அதை வரைந்து, லேபில் வேலை செய்கிற ஐந்து பேரை உட்காரவைத்து, வாயே திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஐந்து பேரை வைத்தே 85 சதவீதக் குறைகள் வெளிப்படும் என்று யூஎக்ஸ் நிபுணர் யாகோப் நீல்சன் 2000-ல் எழுதினார். அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் தன் டிசைனில் தானே வெட்கப்படும் இடம் நிச்சயம் வரும். அந்த வெட்கத்தையும் போர்ட்ஃபோலியோவில் எழுத வேண்டும். ஒரு எச்சரிக்கை: லேபின் உண்மையான முடிவுகள், வாடிக்கையாளர் பெயர், ஸ்கிரீன் படம் எதையும் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது. கற்பனை எண்களை வைத்துக்கொள்ளலாம்.

மேற்படிப்பு ஆசை இருந்தால் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஐஐடி பம்பாய் ஜனவரியில் நடத்துவது. ஐஐடிகள் சிலவற்றிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் எம்.டெஸ். என்ற டிசைன் முதுநிலைப் படிப்பில் சேர அது முக்கிய வாசல். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (NID) தனித் தேர்வு. எம்.எஸ்சி.யை ஏற்பார்களா என்பதை ஒவ்வோர் இடத்தின் விதியையும் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் குடி முழுகாது. கம்ப்யூட்டரும் மனிதரும் ஊடாடும் விதம் பற்றி என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடம் இருக்கிறது. பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

இதைக் கேட்டதும் அம்மா முகம் மலர்ந்தது. "அப்ப யூஎக்ஸ் கோர்ஸ்லயே சேத்துவிட்டுடலாமுங்களா? கோயம்புத்தூர்ல ஒரு இடத்துல மூணு லட்சமாம், வேலை கேரண்டியாம்."

அதுவும் வேண்டாம், அக்கா. கேரண்டி என்று எழுதியிருந்தால் அதற்கடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். அங்கே சொல்லித்தரப்போவது பெரும்பாலும் ஃபிக்மாவும் நிறப் பொருத்தமும். லேபை அவர்களால் சொல்லித்தர முடியாது. ஒரு நல்ல லேப்டாப், சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் போய்வரச் செலவு, சீட் விண்ணப்பக் கட்டணம். இந்த வருடத்துக்கு இதற்குமேல் ஒரு பைசாகூடத் தேவையில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தாள். ஸ்கிரீனை மேலிருந்து கீழாக மாற்றிவிட்டால், ஒற்றை முனை பைப்பெட்டில் இடமிருந்து வலமாக ஊற்றுகிறவர்களுக்குத் தப்பாகிவிடாதா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வகை ஆட்களையும் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மஞ்சப்பையில் இருந்தது நகல்தான், அசல் பத்திரத்தை ஏஜெண்ட் "சும்மா பார்க்க" வாங்கி வைத்திருக்கிறாராம். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதைத் திருப்பி வாங்குங்கள் அண்ணா. வாங்கியதும் எனக்கு ஒரு போன் போடுங்கள்.