முதன்முறை பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போனபோது எது கஷ்டமாக இருந்தது?

"எங்கள் குடும்பத்தில் யாரும் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட் எடுப்பதிலிருந்து இமிக்ரேஷன் வரை எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு விமானமோ மலேசியாவோ கஷ்டம் கொடுக்கவில்லை. எங்கள் பெயர்தான் கொடுத்தது. அதனால் இந்தப் பதிலில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் இருக்கும் பெரியம்மா மகள் வீட்டு விசேஷத்துக்குப் போக நானும் அம்மாவும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். படிவத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள். இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் பலர் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். வினை பிற்பாடு வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவும் விசிட் விசாவும் இல்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டவர்கள்தான். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விமான டிக்கெட்டிலும் இரண்டு கட்டம் உண்டு. ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி.

எனவே என் யோசனை: அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமில் போட்டு இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். ஒரு விளைவுக்கு மட்டும் தயாராக இருங்கள். வெளிநாட்டில் எல்லோரும் உங்களை அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். என் அப்பா மதுரையைத் தாண்டிப் போனதில்லை. கோலாலம்பூரில் ஹோட்டல்காரர் முதல் சிம் கார்டு விற்ற பையன் வரை அவர் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

அம்மா கதை இன்னும் சிக்கல். ஆதாரில் கணவர் இனிஷியல், வாக்காளர் அட்டையில் அம்மாவின் அப்பா இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இரண்டும். அது போதாது என்று ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. நல்லவேளை, எட்டாம் வகுப்பு டிசி பெட்டியில் கிடந்தது. அதில் ஜூன் மாதத் தேதி. அந்தத் தலைமுறையில் பலருக்கும் பிறந்த மாதம் ஜூன்தான். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறந்தநாள். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட் படிவத்தில் கை வையுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு எதையாவது மாற்றி வைக்காதீர்கள்.

1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று பிரவுசிங் சென்டரில் இன்னும் சொல்வார்கள். அது 2016 டிசம்பரிலேயே போய்விட்டது. டிசி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் செல்லும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை.

விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைனில் போடலாம். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அச்சு அசலாக அதே மாதிரி போலித் தளங்கள் இருக்கின்றன, கட்டணத்தை இரண்டு மடங்காக வாங்கிவிடுவார்கள். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலுக்கு மேற்கொண்டு 2,000. பாஸ்போர்ட் அலுவலகமான சேவா கேந்திரத்துக்குள் டோக்கன் வாங்கி ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ-வில் போட்டோ, கைரேகை, ஆவண ஸ்கேன். பி-யில் சரிபார்ப்பு, சி-யில் ஒப்புதல். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள், போட்டோவின் பின்னணியும் வெள்ளை. மற்றபடி சொல்லும்படி ஒன்றுமில்லை.

போலீஸ் விசாரணைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வரும், அல்லது ஒருவர் வீட்டுக்கு வருவார். அசல் ஆவணங்கள், ஒரு செட் நகல், அக்கம்பக்கத்தில் உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் விவரம், அவ்வளவுதான். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. 'ஏதாவது பார்த்துச் செய்யுங்க' என்று கேட்பதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். எங்களிடம் கேட்கவில்லை, காபி குடித்துவிட்டுப் போனார். கேட்டால் என்ன செய்வது என்று உங்கள் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன். வாடகை வீடு மாறியவர்களுக்குத்தான் இங்கே உண்மையான சிக்கல். படிவத்தில் போட்ட முகவரியில் நீங்கள் இல்லை என்றால் அறிக்கை பாதகமாகப் போய்விடும், பிறகு அலைச்சல்.

ஈசிஆர் என்ற வார்த்தையைக் கேட்டுப் பலர் மிரள்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை, 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் விழும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அந்த அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த முத்திரையே கிடையாது. எட்டாவதோடு நிறுத்திய என் அம்மாவுக்கும் அப்படித்தான் விலக்கு கிடைத்தது.

முதல் பயணத்துக்கு மலேசியா நல்ல தேர்வு என்பேன். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா வேண்டாம், 2026 கடைசி வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், புதிதாக எடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. ஏடிஎம் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும், கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள்.

பெட்டி விஷயத்தில் அம்மாவோடு பெரிய பஞ்சாயத்து. ஊறுகாய் எண்ணெய் மிதப்பது என்பதால் கைப்பையில் விடமாட்டார்கள், உள்ளே போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும். கொப்பரை எதிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்கிறார்கள். பொடி வகைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இமிக்ரேஷனில் நம் ஊர் அதிகாரிதான் அதிகம் கேட்டார். எங்கே, எதற்கு, எத்தனை நாள், யார் வீட்டில், திரும்பும் டிக்கெட் எங்கே? வேலைக்கென்று சுற்றுலா அனுமதியில் போய் ஏமாறுபவர்கள் இருப்பதால் இளைஞர்களிடம் கேள்வி கூடுதலாக இருக்கும். திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் இடத்தின் முகவரியையும் காகிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தால் நிற்க வேண்டியதில்லை. மலேசியாவில் இறங்கியதும் இரண்டு விரல் ரேகை, ஒரு போட்டோ, ஒரு முத்திரை. அம்மாவிடம் அந்தப் பெண் அதிகாரி "பத்துமலையா?" என்று மட்டும் தமிழில் கேட்டார். பத்துமலை முருகன் கோயிலின் 272 படி ஏறும் வரை அம்மா அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

கடைசியாக ஒன்று. திருச்சி வழித்தடத்தில் 'குருவி' என்றால் பறவை இல்லை, கூலிக்குப் பொருளும் தங்கமும் கடத்துபவர். போகும்போது "இந்தப் பார்சலை வெளியே ஒருத்தர் வாங்கிப்பார்" என்றோ, வரும்போது "இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டு வந்துடுங்கம்மா" என்றோ யாராவது கேட்டால், எவ்வளவு நயமாகக் கேட்டாலும் கையில் வாங்காதீர்கள். வயதான பெண்களிடம்தான் அதிகம் கேட்பார்கள். உங்களிடம் இருக்கும் நகையை இங்கிருந்து கிளம்பும்போதே போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பில் இருந்தால் அதன் நகலும். திரும்பும்போது சுங்க அதிகாரி கேட்டால் காட்டலாம். அது நிறைய நகை என்றால் போட்டோவை நம்ப வேண்டாம், போகும்போதே சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கென்று விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போக வேண்டியிருக்கும்.