ஈறுக்கு அளவு எடுப்பது எப்படி: கேள்வி பதில்

காரைக்குடியில் ஈறு நோய் மட்டும் பார்க்கிறேன். பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். சொத்தைப் பல், கட்டிய பல் எல்லாம் வந்திருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

தேவகோட்டை: சீட்டில் 323, 536 என்று போன் நம்பர் மாதிரி எழுதியிருக்கிறதே?

ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். கன்னத்துப் பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே லேசாக விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, இடத்துக்கு ஒரு எண்ணாக எழுதுவோம். 3 வரை பயமில்லை. 5, 6 என்றால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது. கம்பி வைக்காமல், கண்ணால் பார்த்தே 'ஈறு நல்லா இருக்கு' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கானாடுகாத்தான்: கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. பல்லில் கல்லாய்ப் படிந்த காரை முட்டுக் கொடுத்து நின்ற பல், அந்தக் காரை போனதும் தன் பழைய ஆட்டத்தைக் காட்டுகிறது.

பள்ளத்தூர்: சிகிச்சைக்கு முன் ஒரு இடத்தில் 6, இப்போது 3. ஆனால் பல் நீளமாகத் தெரிகிறது. குணமா, நஷ்டமா?

நல்ல கேள்வி. பையின் ஆழத்தை ஈறின் விளிம்பிலிருந்து அளக்கிறோம். அந்த விளிம்பு நிலையாக நிற்பதில்லை. வீங்கினால் ஏறும், வற்றினால் இறங்கும். ஊருணியின் ஆழத்தைக் கரையிலிருந்து அளந்தால், கரை கரையக் கரைய ஆழம் குறைந்தது போலத்தான் தெரியும். கல் படியிலிருந்து அளக்க வேண்டும். பல்லில் அந்தப் படி, எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடு. அங்கிருந்து பையின் அடிவரை எவ்வளவோ, அதுதான் பல்லின் பிடிமானம் போன அளவு.

உங்கள் ஈறு முன்பு வீங்கி அந்தக் கோட்டுக்கு 2 மி.மீ. மேலே நின்றது என்று வையுங்கள்: 6இல் 2 போக இழப்பு 4. இப்போது கோட்டுக்கு 1 கீழே இறங்கி, பை 3: கூட்டினால் அதே 4. புதிதாக எதுவும் போகவில்லை, போனதும் திரும்பவில்லை. ஆனால் 3 ஆழத்தில் அழுக்கை எடுத்துவிடலாம், 6இல் பிரஷ் எட்டாது. ஆகவே குணம்தான்.

புதுவயல்: ஸ்கேலிங் செய்தால் பல் லூசாகிவிடுமாமே?

கானாடுகாத்தானுக்குச் சொன்னதே.

கோட்டையூர்: முப்பது வருடமாகச் சிகரெட். ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. என் மனைவிக்குத்தான் தினமும் வருகிறது. யாருக்கு நோய்?

அண்ணே, புகை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் வராததை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

கோட்டையூர் (மீண்டும்): முகாமில் பார்த்தார்கள். ஈறு குறியீடு 0.3 மட்டுமே!

1963இல் லோவும் சில்னஸும் வகுத்த குறியீடு அது. நிறம், வீக்கம், ரத்தம் பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பது. ஆழம் அதில் இல்லை. அப்புறம், சராசரியே ஏமாற்றும். கல்யாண வீட்டு வளவில் படுத்திருக்கும் இருபது பேரின் சூட்டைச் சராசரி எடுத்தால், காய்ச்சல்காரர் காணாமல் போவார்.

அவர் மனைவி: இதைத்தான் நானும் சொல்கிறேன், கேட்டால்தானே!

ஆச்சி, உங்களுக்கும் ஒன்று. கம்பி பட்டு ரத்தம் வரும் இடங்கள் பத்து சதவீதத்துக்குக் குறைவாக, ஆழம் 3க்குள் இருந்தால் கவலை இல்லை. தினமும் வருவதை விட்டுவைக்காதீர்கள்.

செக்காலை: வெற்றிலை போட்ட எங்கள் அப்பத்தாவுக்கு எண்பதிலும் பல் கெட்டி. சிகரெட் மட்டும் என்ன செய்துவிடும்?

அப்பத்தா வெற்றிலையில் புகையிலை வைத்தாரா? வைக்காத ஒருவரை வைத்துச் சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். ஈறு நோயின் இப்போதைய வகைப்பாட்டில் தினம் பத்து சிகரெட்டைத் தொட்டாலே வேகமாக முற்றும் பிரிவு. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்தைத் தொட்டாலும் அப்படித்தான்.

ஆறாவயல்: கிளீனிங் செய்தால் பல்...

ஆடாது!

கோட்டையூர்: சரி, நாளைக்கு வந்து அளந்துகொள்கிறேன். மனைவி கூட வர வேண்டாம்.

கூட்டி வாருங்கள் அண்ணே. அவருக்கும் பல்லுக்கு ஆறு இடம் பார்க்க வேண்டும்.