ஓவர்டோஸ் மரணங்களைத் தடுக்கும் திட்டங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹெராயின், ஃபென்டனில் போன்றவற்றை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவர் எதனால் இறக்கிறார்? நாலோக்சோன் என்ற மருந்தை அமெரிக்காவில் பொதுமக்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்களாமே, அது பாதுகாப்பானதா? (செவிலியர் படிப்பு மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் வலியைக் கடத்தும் நரம்பணுக்களில் மட்டுமல்லாமல், மூச்சுவிடும் உந்துதலைத் தரும் மூளைத்தண்டிலும் வேலை செய்கின்றன. அளவு மீறும்போது அந்த உந்துதல் தளர்ந்து, மூச்சு மெல்லக் குறைந்து, உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்து, கடைசியில் ஆக்சிஜன் இல்லாமல் இதயம் நின்றுபோகிறது. ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியம் கொண்ட ஃபென்டனிலில் இவை அனைத்தும் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடக்கூடும் என்பதால், ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதே பல நேரங்களில் உயிரைத் தீர்மானிக்கிறது.

நாலோக்சோன், ஓபியாய்டு ஒட்டியிருக்கும் அதே ஏற்பிகளிலிருந்து (நரம்பணுக்களில் மருந்து ஒட்டும் இடங்களிலிருந்து) அதை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. ஓபியாய்டு எடுக்காத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாலும் அதனால் பெரிய தீங்கு இல்லை. இந்த ஒரு குணத்தால்தான் அதைப் பயிற்சி பெறாதவரிடமும் நம்பிக் கொடுக்க முடிகிறது. எனினும் அதன் பலன் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும். உடலில் உள்ள ஓபியாய்டு அதற்கு மேலும் நீடித்தால் மூச்சு மறுபடியும் தளரலாம். ஆகவே மருந்து கொடுத்தவுடன் ஆம்புலன்ஸை அழைப்பதும், தேவைப்பட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும், கூடவே இருப்பதும் கட்டாயம்.

இந்த மருந்தை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது அரசு அல்ல. 1996-இல் சிகாகோ ரெகவரி அலையன்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு, போதைப்பொருள் பயன்படுத்துவோரிடமே இதை விநியோகிக்கத் தொடங்கியது. மிகையளவு (ஓவர்டோஸ்) நிகழும்போது அருகில் இருப்பவர் பெரும்பாலும் இன்னொரு பயனாளர்தான் என்ற எளிய உண்மையை அவர்கள் முன்கூட்டியே கண்டுகொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அதையே வழிகாட்டுதலாக வெளியிட 2014 வரை ஆயிற்று. மூக்கில் பீய்ச்சும் ஸ்பிரேயை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது 2023 மார்ச் மாதத்தில்.

கேள்வி: காப்பாற்ற மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் பயமின்றி இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நாலோக்சோன் கொடுக்கப்பட்டவர் எழும்போது நன்றியுடன் எழுவதில்லை; குமட்டல், நடுக்கம், உடல்வலி ஆகியவற்றோடு, போதை திடீரென விலகுவதால் வரும் கடுமையான விலகல் துன்பத்தில் எழுகிறார். அதை விரும்பி வரவழைத்துக்கொள்பவர் அரிது. பொருளியலாளர்கள் சிலர் உங்களுடைய ஐயத்தையே ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதியுள்ளனர், ஆனால் பொது சுகாதார ஆய்வுகளில் பெரும்பாலானவை அதற்கு ஆதாரம் காணவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 19 ஊர்களில் 2002 முதல் 2009 வரையிலான தரவை வைத்து வெளிவந்த ஆய்வில், பயிற்சியும் நாலோக்சோனும் ஓரளவு பரவியிருந்த இடங்களில் மரண விகிதம் 27 சதவீதமும், ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேருக்கு மேல் பயிற்சிக்குப் பதிவு செய்திருந்த இடங்களில் 46 சதவீதமும் குறைவாக இருந்தது. பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கும் ஊரை நிறைக்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

கேள்வி: இத்துறையில் நடந்தவற்றுள் மிகப் பெரிய திட்டம் எது? அதிலிருந்து திட்டத் தலைவர்கள் என்ன கற்கலாம்? (பொது சுகாதார முதுகலை மாணவர், சென்னை)

பதில்: அமெரிக்காவின் ஹீலிங் கம்யூனிட்டீஸ் ஆய்வையே சொல்வேன். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் 2019-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு 30 கோடி டாலருக்கும் அதிகமாக ஒதுக்கப்பட்டது. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹாயோ ஆகிய நான்கு மாநிலங்களில் 67 சமூகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவில் உள்ளூர்க் கூட்டணிகள் அமைத்து, தரவைப் பார்த்து, நாலோக்சோன் விநியோகம், புப்ரநார்ஃபின் அல்லது மெதடோன் (போதைப்பொருளுக்கு மாற்றாக மருத்துவ மேற்பார்வையில் தரப்படும் மருந்துகள்) சிகிச்சை, பாதுகாப்பான மருந்து பரிந்துரை ஆகியவற்றில் தங்களுக்கு ஏற்றவற்றைத் தாங்களே தேர்ந்து செயல்படுத்த வேண்டும். மற்றக் குழுவில் வழக்கமான பணிகள் தொடரும். மரணங்களை 40 சதவீதம் குறைப்பது இலக்கு.

2024-இல் முடிவு வெளியானபோது, திட்டம் நடந்த சமூகங்களில் ஒரு லட்சம் பேருக்கு 47.2 மரணங்கள், நடக்காத சமூகங்களில் 51.7 மரணங்கள் என்று தெரியவந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத் தக்கதல்ல. இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் அறிக்கையின் மற்றொரு எண்ணைக் கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன்: சமூகங்கள் தேர்ந்தெடுத்த 806 உத்திகளில் 615 செயல்படுத்தப்பட்டன; அந்த 615-இலும், மரணங்களை ஒப்பிடும் ஆண்டு தொடங்கும்போது 38 சதவீதமே செயலுக்கு வந்திருந்தன. கொரோனா குறுக்கிட்டது, தெருவில் விற்பனையாகும் சரக்கில் ஃபென்டனில் பெருகிக்கொண்டிருந்தது, கூட்டணி அமைத்து, கூடிப் பேசி, ஒப்பந்தம் போட்டு, ஆளெடுத்து முடிப்பதற்குள் அளக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதாவது, பாதிக்கும் குறைவாகப் பரிமாறப்பட்ட திட்டத்தைத்தான் அவர்கள் அளந்தார்கள்.

திட்டம் வகுப்பவர் இதிலிருந்து முதலில் கற்க வேண்டியது கால அட்டவணையைப் பற்றியது. தொடக்கத்துக்கும் பலனுக்கும் இடையில் எத்தனை மாதங்கள் தேவைப்படும் என்பதை நிதி கேட்கும் கட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அதேவேளை, சிறிய இடத்தில் கிடைக்கும் பெரிய வெற்றியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வில்க்ஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதியில்) புராஜெக்ட் லாசரஸ் என்ற திட்டம் நடந்தபோது, மரண விகிதம் 2009-இல் ஒரு லட்சத்துக்கு 46.6 என்பதிலிருந்து அடுத்த ஆண்டே 29.0 ஆகக் குறைந்தது. வியக்கத்தக்க மாற்றம்தான், ஆனால் ஒரு லட்சம் பேர்கூட இல்லாத கவுன்டியில் சில மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் இப்படித் தாவும். மருத்துவர்கள், போதகர்கள், காவல்துறையினர் என எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த அதன் முறையைப் பின்பற்றலாம். அதன் எண்ணை நம் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சிறையில் இருக்கும்போது பழக்கம் தானாக விட்டுப்போய்விடும் அல்லவா? வெளியே வந்ததும் ஏன் இறக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற சிறைத்துறை ஊழியர், வேலூர்)

பதில்: பழக்கம் விடுவதில்லை, தாங்கும் திறன்தான் குறைகிறது. சில மாதம் எடுக்காமலிருந்த உடல், முன்பு தாங்கிய அதே அளவைத் தாங்காது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோரை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் மிகையளவால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. ஆகவே சிறைவாசலில் செய்யும் வேலைக்குத்தான், என் மதிப்பீட்டில், செலவுக்கேற்ற பலன் மிக அதிகம். ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் தன் சிறைகளில் மெதடோன், புப்ரநார்ஃபின், ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் ஆகிய மூன்று மருந்துகளையும் தரத் தொடங்கி, வெளியே வந்ததும் அருகிலுள்ள மருத்துவ மையத்தில் சிகிச்சை தொடர ஏற்பாடு செய்தது. 2016-இன் முதல் ஆறு மாதங்களில் மிகையளவால் இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017-இன் அதே மாதங்களில் 9 பேர்.

2011-இல் தேசிய அளவில் நாலோக்சோன் திட்டத்தைத் தொடங்கிய ஸ்காட்லாந்தும், விடுதலையாவோர் கையில் அதைக் கொடுத்தனுப்புகிறது. அங்கே சிறைவிட்ட நான்கு வாரங்களுக்குள் நேரும் மரணங்களின் பங்கு குறைந்தது. இருந்தும் நாட்டின் மொத்தப் போதை மரணங்கள் பெருகி 2020-இல் 1,339-ஐத் தொட்டன. ஒரு வாசலைக் காத்ததால் வீடு முழுவதும் காக்கப்பட்டுவிடவில்லை.

கேள்வி: எங்கள் மகன் டொராண்டோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போதைப் பழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் வீட்டில் நாலோக்சோன் வைத்துக்கொள்வது தவறான செய்தியைத் தருமா? (தாயார், ஸ்கார்பரோ)

பதில்: தராது, அம்மா. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016 முதல் மருந்தகங்களில் நாலோக்சோன் பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, எப்படிப் பயன்படுத்துவது என்று மருந்தாளரிடம் கேட்டு, மகனையும் உடன் வைத்துக்கொண்டே தெரிந்துகொள்ளுங்கள். வலிமாத்திரை என்று நண்பர்கள் கொடுப்பதிலும் ஃபென்டனில் கலந்திருக்கலாம் என்பதை அந்தச் சாக்கில் பேசிவிடலாம். இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டம், மிகையளவு நேர்ந்தபோது 911-ஐ அழைப்பவர்மீதும் அங்கே உடனிருப்பவர்கள்மீதும் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சாட்டுவதைத் தடுக்கிறது. போதைப்பொருள் விற்பனை போன்ற குற்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: கண்காணிப்பின்கீழ் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் மையங்களை அரசே அனுமதிப்பது நியாயமா? இப்போது அவற்றை மூடுகிறார்களாமே? (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: கனடாவின் வான்கூவரில் 2003 முதல் இயங்கும் இன்சைட் மையத்துக்குள் மிகையளவால் ஒருவரும் இறக்கவில்லை. அந்த மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் மரண விகிதம் 35 சதவீதம் குறைந்ததாகவும், நகரின் பிற பகுதிகளில் ஏறக்குறைய 9 சதவீதமே குறைந்ததாகவும் 2011-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. பலன் அந்த வட்டாரத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் அதே எண்கள் காட்டுகின்றன. மூடப்படுவது ஒன்டாரியோவில்: பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கு 200 மீட்டருக்குள் இத்தகைய மையம் இருக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் சட்டம் வந்தது. அக்கம்பக்கத்தாரின் கவலையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன், ஆனால் மூடப்பட்ட மையத்துக்குப் போய்வந்தவர்கள் இனி எங்கே, யார் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு மூடுபவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: இவற்றில் எதை இந்தியாவுக்குக் கொண்டுவரலாம்? (மருத்துவர், மதுரை)

பதில்: சிகிச்சை மருந்துகளை நாம் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் புப்ரநார்ஃபின் ஏற்கெனவே தரப்படுகிறது, நாலோக்சோன் ஊசியும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. குறைபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி ஓபியாய்டு பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ ஆண்டுக்குச் சில நூறு மிகையளவு மரணங்களையே பதிவு செய்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இறந்தவரின் உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து வழக்குக் கோப்புக்குப் போகிறது, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போவதில்லை. எந்த மருந்தால், எந்தத் தாலுகாவில், எந்த வயதினர் இறந்தனர் என்பதை மாதந்தோறும் பெறும் ஏற்பாட்டை ஏதேனும் ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். நாலோக்சோனை எந்த ஆம்புலன்ஸில், யாருடைய பையில் வைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.